வீட்டோடு ஒரு பகல் பயணம்

விசாகப்பட்டினத்திலிருந்து பீமிலி வரை சுமார் 25 கி.மீ. கடலோரச் சாலை. அரை மணியில் முடியும் தூரத்தை ஒரு முழு நாளாக்கினார்கள், அறுபதைத் தாண்டிய நான்கு தோழிகள்.

விசாகப்பட்டினத்தில் யாரிடம் கேட்டாலும் பீமிலிக்கான தூரத்தை கிலோமீட்டரில் சொல்வதில்லை. அரை மணி என்பார்கள். நெரிசல் இருந்தால் ஒரு மணி. இடது பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள், வலது பக்கம் வங்காள விரிகுடா, நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. பீமிலி கடற்கரையில் நான்கு புகைப்படம், ஒரு பொட்டலம் பொரி மசாலா, பிறகு வந்த வழியே வீடு. ஊர் வழக்கம் இதுதான்.

இந்த வழக்கத்தில் தவறிப்போவது கொஞ்சமல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிக்குகள் குடியிருந்த குன்றுகள், டச்சுக்காரர்களின் கல்லறைகள், ஒரு குகையைக் குடைந்துவிட்டு வந்து கடலில் சேரும் ஆறு, பனியுகக் காலத்துச் சிவப்பு மணல் மேடுகள் – எல்லாமே இந்த 25 கி.மீ.க்குள் இருக்கின்றன. பார்க்க வேண்டுமானால் அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டும். நம் நாட்டில் பெண்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, வண்டியை நிறுத்துவது அவ்வளவு எளிதான காரியமல்ல.

நான்கு தோழிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். 1970களின் இறுதியில் சென்னையில் ஒரே கல்லூரி விடுதியில் இருந்தவர்கள். ஒருவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். மூன்றாமவர் குடும்பத்தை மட்டுமே கவனித்தவர். இரண்டு முழங்காலிலும் வலி. நான்காமவர் விசாகப்பட்டினத்துத் தெலுங்குப் பெண்; படிப்பு முடிந்து ஊர் திரும்பி, எம்.வி.பி. காலனியில் குடியிருக்கிறார். எல்லோரும் அவர் வீட்டில் கூடுவது என்ற திட்டம் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பேரன், பேத்தி, கண் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்.

வெளியே சொல்லாத காரணம் வேறு. வங்கித் தோழி ரத்தக் கொதிப்புக்கு சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும். வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் இரவே அவர் தண்ணீரைக் குறைத்துவிடுவார். சில நேரம் மாத்திரையையும் விட்டுவிடுவார். பூகோள ஆசிரியை மாணவிகளை சுற்றுலா அழைத்துப்போன வருடங்களில் எல்லாம் பகல் முழுக்க ஒரு வாய் காப்பியோடு ஓட்டியவர். பெட்ரோல் பங்க் கழிப்பறையின் பூட்டைத் திறக்கச் சாவி கேட்டு நிற்பதும், திறந்த பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவதும் எல்லோருக்கும் அனுபவம். மருத்துவர்கள் எச்சரிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆனால் குடும்பத்தோடு காரில் போகும்போது ஓட்டுகிற மகனிடமோ மருமகனிடமோ நாலு முறை வண்டியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

அதனால்தான் விசாகப்பட்டினத் தோழி இந்த முறை காரைப் பேசவில்லை. வேனைப் பேசினார்.

நட்சத்திரங்களுக்கு மட்டுமல்ல

கேரவன் என்றால் தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் சினிமாதான் நினைவுக்கு வரும். படப்பிடிப்பு இடைவேளையில் நட்சத்திரங்கள் ஏறி மறையும் வண்டி. இப்போது அது மெல்ல மெல்ல பயணிகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. கேரளம் 2021ல் இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. பெரும்பாலும் டெம்போ டிராவலர் போன்ற வேனின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே படுக்கை, சிறு அடுப்பு, கழுவும் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைப் பொருத்துகிறார்கள். ஓட்டுநரோடுதான் வாடகைக்குக் கிடைக்கும்.

இவர்களுக்கு வந்த வேனும் அப்படித்தான். இரண்டு நீள இருக்கைகள். இரண்டையும் இணைத்தால் படுக்கை. ஜன்னலோரம் மடக்கு மேஜை. பின்மூலையில் ஒருவர் உட்காரும் அளவுக்குக் கழிப்பறை, கதவில் உறுதியான தாழ்ப்பாள். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள்: ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் பாத்திரம் கழுவிய தண்ணீர். கழிப்பறைக்குத் தனியாக ஒரு மூடிய பெட்டி. நிறைந்ததும் உருவி எடுத்துக் காலி செய்ய வேண்டும். வண்டி ஓடும்போது அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, சிலிண்டரின் வால்வு மூடியே இருக்க வேண்டும் என்பதை இளைஞரான ஓட்டுநர் இரண்டு முறை சொன்னார். கடற்கரை மணலில் வண்டியை இறக்கச் சொல்லாதீர்கள் அம்மா என்றும் கேட்டுக்கொண்டார். காரைவிட இரண்டு மடங்கு கனம்; சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும்.

முழங்கால்வலித் தோழி முதலில் பார்த்தது படுக்கையை. வங்கித் தோழி முதலில் பார்த்தது தாழ்ப்பாளை. அன்று காலை அவர் மாத்திரையையும் சாப்பிட்டார், ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

கிளம்பியது ஜனவரி மாதத்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு. இது கிழக்குக் கடற்கரை என்பதை மறந்துவிட்டு, கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இங்கே சூரியன் கடலில் உதிக்கும். மறைவது மலைக்குப் பின்னால். கைலாசகிரி மலையடிவாரத்தில் இருக்கும் தென்னேட்டி பூங்கா அருகே வேன் நின்றது. 2020 அக்டோபரில் ‘மா’ என்ற வங்கதேச சரக்குக் கப்பல் புயற்காற்றில் அடித்து வரப்பட்டுத் தரை தட்டியது இந்தக் கரையில்தான். ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்ததாம். அந்தக் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் கடல் செம்பு நிறமாகிவிட்டது.

காலைச் சிற்றுண்டி ருஷிகொண்டாவில். இந்தக் கடற்கரைக்கு ஒரு பெருமை உண்டு: தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேச ‘நீலக்கொடி’ சான்றிதழை 2020ல் முதன்முதலாகப் பெற்ற எட்டு இந்தியக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. ஒரு படிப்பினையும் உண்டு: பராமரிப்பு சரியில்லை என்று 2025ல் அந்தச் சான்றிதழ் பறிபோனது, அவசர அவசரமாகத் துப்புரவு செய்த பிறகு திரும்பக் கிடைத்தது. கொடியைப் பெறுவதைவிடக் காப்பாற்றுவது கடினம். பெசரட்டும் இஞ்சிச் சட்னியும் வீட்டிலிருந்து வந்திருந்தன. டீ மட்டும் வேனில் போட்டார்கள். நின்ற வண்டியில், ஜன்னல் நிறையக் கடலை வைத்துக்கொண்டு ஆற அமர டீ குடிக்கும் சுகம் காரில் வராது.

தொட்டியும் பாவியும்

ருஷிகொண்டாவைத் தாண்டியதும் வழிகாட்டிப் பலகைகளில் வரும் இரண்டு பெயர்கள் தமிழர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒன்று பாவிகொண்டா. பதற வேண்டாம். தெலுங்கில் ‘பாவி’ என்றால் கிணறு. நம் இலக்கியத்து ‘வாவி’க்கு உறவு. மற்றது தொட்லகொண்டா. இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை: தொட்டிகளின் மலை.

தொட்லகொண்டா கடல் மட்டத்திலிருந்து சுமார் 128 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி வரை வண்டிப் பாதை உண்டு என்பதால் முழங்கால் வலி ஒரு பிரச்சினையாக இல்லை. 1970களில் கடற்படை இந்தப் பகுதியை ஆய்வு செய்தபோதுதான் இங்கே புதைந்திருந்த பௌத்த விகாரம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. மாநிலத் தொல்லியல் துறை 1988 முதல் 1992 வரை அகழ்ந்தது. ஸ்தூபம், சைத்தியங்கள், பிக்குகளின் வரிசை வரிசையான அறைகள், கூட்டு உணவுக்கூடம், பாறையில் வெட்டிய தொட்டிகள் ஆகியவை கிடைத்தன. கூடவே சாதவாகனர் நாணயங்களும் ரோமானிய வெள்ளி நாணயங்களும்.

துறவிகள் இருந்த மலையில் ரோமானிய வெள்ளிக்கு என்ன வேலை? மேலே நின்று கடலைப் பார்த்தால் பதில் தெரியும். கீழே நீளமான கடற்கரை முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது. கடல் வணிகம் செழித்த காலம் அது. வணிகர்களின் ஆதரவில் வளர்ந்த விகாரங்களில் இதுவும் ஒன்று. சுமார் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை இங்கே பிக்குகள் இருந்திருக்கிறார்கள்.

பூகோள ஆசிரியையை அதிகம் கவர்ந்தது தொட்டிகள்தான். ஊற்றில்லாத குன்றின் தலையில், பெய்யும் மழையைப் பாறைக் குழிகளில் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் சமாளித்திருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் வேண்டும், அது எங்கிருந்து வரும், கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்ற கணக்கை எல்லாம் போட்டுவிட்டுத்தான் அங்கே குடியேறியிருக்கிறார்கள். கீழே நிற்கும் வேனிலும் அதே கணக்குதான், சிறிய அளவில், என்றார் அவர்.

இந்த இடத்துக்கும் மழை ஆபத்தாகியிருக்கிறது. 2019 அக்டோபரில் கொட்டிய மழையில் மகாஸ்தூபம் சரிந்தது; பிறகு சீரமைப்புப் பணி நடந்தது. இரண்டாயிரம் ஆண்டு பழமை என்பது எதற்கும் உத்தரவாதம் அல்ல.

மலையிலிருந்து இறங்கினால் மங்கமாரிப்பேட்டை. கடல் அலை பாறையைக் குடைந்து குடைந்து ஒரு வாசல்போல் செய்திருக்கும் இயற்கை வளைவு இங்கே இருக்கிறது. அலை உள்வாங்கிய நேரத்தில் கிட்டப் போகலாம். மற்ற நேரங்களில் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. விசாகப்பட்டினத்துக் கடல் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும்.

பீமன் ஊர்

பதினோரு மணிக்குப் பீமிலி. முழுப்பெயர் பீமுனிப்பட்டணம். பகாசுரனைப் பீமன் கொன்றது இங்கேதான் என்பது உள்ளூர் நம்பிக்கை. ஆங்கிலேயர்கள் இந்தப் பெயரை ‘பிம்லிபட்டம்’ ஆக்கினார்கள். அந்தப் பெயர் ஊரைவிட ஒரு நாரினால் அதிகம் பிரபலம்: பிம்லிபட்டம் சணல். உண்மையில் அது சணலே அல்ல. ஆந்திரச் சாப்பாட்டின் உயிரான கோங்கூராவுக்கு, அதாவது நம் புளிச்சக்கீரைக்கு, நெருங்கிய சொந்தமான செடியின் நார். இலை சட்டிக்கு, தண்டு கப்பலுக்கு என்று ஒரு காலம் இருந்தது.

ஆங்கிலேயர்களுக்கு முன்பே வந்தவர்கள் டச்சுக்காரர்கள். சோழமண்டலக் கரையில் முதலில் பழவேற்காட்டிலும் 1690க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் தலைமையகம் வைத்திருந்த அதே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிதான் பீமிலியிலும் பண்டகசாலை கட்டியது. 1825ல் ஊர் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1861ல் நகராட்சி ஆனது. இந்தியாவின் மிகப் பழைய நகராட்சிகளில் ஒன்று. 1933ல் விசாகப்பட்டினத்தில் பெரிய துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு, நடுக்கடலில் நங்கூரமிட்டுப் படகில் சரக்கு ஏற்றும் பீமிலிக்கு வேலை குறைந்துபோனது. இப்போது ஊரே விசாகப்பட்டினம் பெருநகர மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது.

வேலை குறைந்ததுதான் ஊரின் அழகைக் காப்பாற்றியதோ என்னவோ. கலங்கரை விளக்கம், மணிக்கூண்டு, பழைய தேவாலயம், ஓட்டு வீடுகள் எல்லாம் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். உப்புக் காற்று எழுத்துகளைத் தின்றுகொண்டிருக்கிறது. வியாபாரம் செய்ய ஆறேழு மாதம் கப்பலில் வந்து, ஊர் திரும்பாமலே போனவர்கள்.

ஊருக்குப் பின்னால் பாவுராலகொண்டா, அதாவது புறா மலை. அதன்மேல் நரசிம்மர் கோவிலும் பௌத்த விகாரத்தின் எச்சங்களும். படியேறும் மலை என்பதால் விசாகப்பட்டினத் தோழியும் பூகோள ஆசிரியையும் மட்டும் போனார்கள். மற்ற இருவரும் வேனின் படுக்கையில் காலை நீட்டி, கதவைத் திறந்துவைத்துக் கடற்காற்றில் ஒரு தூக்கம் போட்டார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்குறை இல்லை. காரில் வந்திருந்தால் நால்வரில் யாரோ ஒருவருக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள், அல்லது யாரோ ஒருவர் வலியைச் சொல்லாமல் படியேறியிருப்பார்.

மதியச் சாப்பாட்டில்தான் சிறு சண்டை. கோஸ்தனி ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன்பிடி படகுகள் வந்து சேர்ந்திருந்தன. நல்ல வஞ்சரம், தெலுங்கிலும் அதற்கு வஞ்சரம்தான். அதை வாங்கி வேனிலேயே வறுக்கலாம், அதற்குத்தானே அடுப்பு என்றார் வங்கித் தோழி. விசாகப்பட்டினத் தோழி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன முதல் காரணம், மூன்று நாளைக்கு வண்டியில் வாடை போகாது. இரண்டாவது காரணம் யோசிக்க வைத்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர், தீனி எல்லாவற்றையும் நகரத்திலிருந்தே கொண்டுவந்துவிட்டால் இந்த ஊருக்கு நம்மால் என்ன லாபம்? வெறும் காற்றையும் காட்சியையும் எடுத்துக்கொண்டு குப்பையை விட்டுவிட்டுப் போகிற கூட்டமாகிவிட மாட்டோமா?

மீனை வாங்கிப் பக்கத்து மெஸ்ஸில் கொடுத்து வறுத்துத் தரச் சொன்னார்கள். சுடு சோறு, பருப்பு, கோங்கூராப் பச்சடி, வறுத்த வஞ்சரம். ஓட்டுநரும் சேர்ந்து சாப்பிட்டார்.

கோஸ்தனி என்றால் பசுவின் மடி. அனந்தகிரி மலையில் பிறந்து, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துப் போர்ரா குகைகளை உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஆறு இது. அரக்குப் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்தக் குகையைப் பார்க்காமல் வருவதில்லை. அங்கே மலையைக் குடைந்த ஆறு இங்கே மணல்திட்டுகளுக்கிடையே தயங்கித் தயங்கி நுழைவதைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு.

இன்னொரு பழைய நினைவும் இந்தக் கரையில் காத்திருந்தது. கே. பாலசந்தரின் ‘மரோ சரித்ரா’ 1978ல் வந்தபோது நால்வரும் கல்லூரியில் இருந்தார்கள். தமிழ்ப் பையனும் தெலுங்குப் பெண்ணும் காதலிக்கும் அந்தப் படம் விசாகப்பட்டினத்திலும் பீமிலியிலும் எடுக்கப்பட்டது. சென்னை சஃபயர் தியேட்டரில் ஓராண்டுக்கும் மேலாக, தெலுங்கிலேயே, ஓடியது. விடுதிக் காப்பாளருக்குத் தெரியாமல் போய்ப் பார்த்ததில் மொழி புரிந்தது ஒருவருக்கு மட்டும், அழுதது நால்வரும். அந்தப் பீமிலி எது என்று தேடி மூவரும் கடற்கரையில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். நான்காமவர் ஜன்னலிலிருந்து வழி சொன்னார்.

சிவந்த மண்

திரும்பும் வழியில், மாலை நான்கு மணி வெயிலுக்காக, வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்த இடம் எர்ர மட்டி திப்பலு. சிவப்பு மண் திட்டுகள் என்று பொருள். சாலையிலிருந்து பார்த்தால் முந்திரியும் பனையும் கலந்த சாதாரணக் காடு. உள்ளே நூறு அடி நடந்ததும் தரை பிளந்து, சிவப்பு மணலில் வெட்டிய வாய்க்கால்களும் சுவர்களும் கோபுரங்களுமாக விரிகிறது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல. தமிழகத்துத் தேரிகள், இலங்கையின் செம்மணல் கரைகள், பீமிலி என்று இந்தப் பக்கத்தில் ஒரு சில இடங்களில் மட்டுமே இத்தகைய கடலோரச் செம்மணல் படிவு உண்டு.

உருவான கதை சுருக்கமாக இதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கரை வெகு தூரம் விலகி, கடல் படுகையில் கிடந்த மணல் வெளியே வந்தது. காற்று அதை வாரிக் குவித்தது. மணலோடு கலந்திருந்த கனிமங்களின் இரும்பு ஆக்சைடாகி ஒவ்வொரு மணியின்மேலும் சிவப்பாகப் படிந்தது. நம் வீட்டு ஆணி துருப்பிடிப்பதற்குச் சித்தப்பா முறை. பிறகு மழை நீர் வழி தேடிக் கீறிக் கீறி ஓடைகளை வெட்டியது. சுவர்களை உற்றுப் பார்த்தால் கீழே மஞ்சள், மேலே செம்பழுப்பு, அதற்கும் மேலே செங்கல் சிவப்பு என்று அடுக்குகள் தெரிகின்றன. ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை ஒரு மணி நேரம் மறுபடி ஆசிரியையானார்.

அவர் கடைசியாகச் செய்தது, கீழே உதிர்ந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்து விரலால் அழுத்தியதுதான். பொடியாகி உதிர்ந்தது. இது பாறை அல்ல. பாறையாக முடியாத மணல். கொஞ்சம் களிமண்ணும் இரும்புத் துருவும்தான் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருவர் விளிம்பில் ஏறி நின்று படம் எடுத்தால் ஒரு கூடை மணல் சரியும். ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே போனால் அதன் தடமே அடுத்த மழைக்கு வாய்க்கால். சில சுவர்களில் அம்பு பாய்ந்த இதயங்களும் பெயர்களும் கீறப்பட்டிருந்தன. சினிமாப் படப்பிடிப்புகளுக்கும் இது பிடித்தமான இடம்.

அரசுகள் சும்மா இல்லை. இந்திய புவியியல் ஆய்வுத்துறை இதைப் புவிப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. 2025ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆனால் பட்டியலின் எல்லை ஒன்று, மணலின் எல்லை வேறு. அறிவிக்கப்பட்ட பரப்புக்கு வெளியேயும் செம்மணல் தொடர்கிறது. 2024ல் அங்கே இயந்திரங்கள் திட்டுகளைச் சமன் செய்வதாகச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். வடக்கே போகாபுரத்தில் புதிய விமான நிலையத்துக்கு 2023ல் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து இந்தச் சாலையோர நிலத்தின் மதிப்பு வேறாகிவிட்டது. மேட்டை வெட்டுகிறவர்கள் வெட்டுவது மணலை மட்டுமல்ல, மழை நீர் மணலுக்குள் இறங்கும் வழியையும்தான் என்பது ஆர்வலர்கள் எடுத்துவைக்கும் வாதம். நிலத்தடி நீருக்குக் கடலோர ஊர்களில் என்ன விலை என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முழங்கால்வலித் தோழி உள்ளே போகவில்லை. வேன் சாலையோரத்தைத் தாண்டி ஓர் அடிகூட நகரவில்லை என்பதால் அவரால் தூரத்திலிருந்து ஒரு சிவப்புக் கோட்டைத்தான் பார்க்க முடிந்தது. நுழைவாயில் வரை வண்டியைக் கொண்டுபோகலாமே என்று ஓட்டுநர் அக்கறையோடு கேட்டார். வேண்டாம் என்று சொன்னது முழங்கால்வலித் தோழிதான்.

திருப்பிக் கொண்டுவந்தது

இருட்டும் நேரத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கழிப்பறைப் பெட்டி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. கழுவிய தண்ணீர்த் தொட்டியும் அப்படியே. ஒருநாள் முழுக்க நான்கு பெண்கள் பயமில்லாமல் தண்ணீர் குடித்ததன் கணக்கு அது. காலி செய்வது எங்கே? மேல்நாடுகளில் இத்தகைய வண்டிகள் தங்கும் முகாம்களில் கழிவை இறக்கத் தனிக் குழாய் இருக்கும். நம் ஊர்ச் சாலைகளில் அந்த வசதி இன்னும் அபூர்வம். இருட்டில், ஏதாவது ஒரு ஓடையோரம், யாரும் பார்க்காதபோது – கேரவன் பயணம் பெருகினால் நடக்கப்போவது இதுதான்.

இந்த நால்வரின் விஷயத்தில் விடை எளிது. ஒரு நாள் பயணம். வண்டி உரிமையாளரின் கொட்டகையில் பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு. அங்கேயே திரும்பப் போகிறது. இரண்டு பை குப்பையும் கூடவே போனது. ஐந்து நாள் பயணமாக இருந்திருந்தால் விடை அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. கேரவனை ஊக்குவிக்க நினைக்கும் மாநிலங்கள் வண்டிக்கு மானியம் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது இதைத்தான்: சாலையோரம் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவுக் குழி, அதைப் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஓர் ஆள். அந்த மூன்றும் இருந்தால் கேரவன் இல்லாதவர்களுக்கும் அங்கே ஒரு நல்ல கழிப்பறை கிடைத்துவிடும். வேனுக்கு வாடகை கொடுக்க முடியாத, அரசுப் பேருந்தில் பீமிலிக்கு வரும் பெண்களும் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கலாம்.

எம்.வி.பி. காலனியில் வேன் நின்றபோது மணி எட்டு. வண்டியின் ஓடோமீட்டரைப் பார்த்து வங்கித் தோழி கணக்குப் போட்டார்: போக வர, சுற்றியது எல்லாம் சேர்த்து 70 கி.மீ.கூட இல்லை. அடுத்த வருடம் போர்ரா குகையிலிருந்து கோஸ்தனியைத் தொடர்ந்து வரலாம் என்று பூகோள ஆசிரியை ஆரம்பித்தார். முழங்கால்வலித் தோழி நாட்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

போகிறவர்களுக்கு

எப்போது: நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை இதமாக இருக்கும். அக்டோபர், நவம்பர் புயல் மாதங்கள். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் கரை கடந்தது இங்கேதான்.

எப்படி: சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் ஓர் இரவு ரயில் பயணம். அங்கிருந்து பீமிலிக்கு அடிக்கடி நகரப் பேருந்துகள் உண்டு. வேன் எடுத்தால் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வார்கள் என்பதை வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

எதை முதலில்: தொட்லகொண்டா காலையில், செம்மண் திட்டுகள் மாலையில். திட்டுகளுக்குள் இருட்டும்வரை இருக்க வேண்டாம். ஓடைகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் வழி தவறும். சுவர்களில் ஏறாதீர்கள்.

கடல்: கால் நனைக்கலாம். உள்ளூர் மீனவர் இறங்காத இடத்தில் நீந்த வேண்டாம்.

சாப்பாடு: பீமிலியிலேயே சாப்பிடுங்கள்.